கைபேசியைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. மனச்சோர்வு நோய்க்காக மூன்று மாதங்களாக மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருகிறாள். இரவு இரண்டு மணி வரை போர்வைக்குள் கைபேசியுடன்தான் இருக்கிறாள். நோய் வந்ததே கைபேசியால்தான், பிடுங்கிவிடு என்கிறார் என் கணவர். செய்யலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நோய் கைபேசியால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுடைய மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தையே திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிகிறது என்றது. ஆனால் அது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த சராசரி. ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்தி நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

லண்டனைச் சேர்ந்த 14 வயது மோலி ரஸ்ஸல் 2017இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவர் விரும்பிய, சேமித்த, பகிர்ந்த சுமார் 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை பற்றியவை. மனச்சோர்வோடு, இணையத்தில் கண்டவற்றின் தீய விளைவும் அவருடைய மரணத்துக்கு வழிவகுத்தது என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். துயரமான ஒரு காணொளியில் சற்று நேரம் நின்றால் அதே போன்ற பத்தைக் கொண்டுவந்து கொட்டுவது செயலியின் வேலை. தன் துயரத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுவதோ இந்த நோயின் குணம். இரண்டும் சேர்வதுதான் ஆபத்து. ஆகவே எத்தனை மணி நேரம் என்பதைவிட, எதைப் பார்க்கிறாள், எப்போது பார்க்கிறாள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

'எப்போது' என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் உறக்கம் தேவை. அது கெட்டால் மனச்சோர்வும் முற்றும், சிகிச்சையின் பலனும் குறையும். இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், உங்கள் கணவருடையது உட்பட, கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுப்ப அலாரம் வேண்டுமே என்பாள். ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

திடீரென்று பிடுங்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பள்ளியில் யாரோடும் பேசாத பிள்ளை மனம்விட்டுப் பேசும் ஒரே தோழி அந்தக் கைபேசியில் இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, அடுத்த முறை கண்ணில் பட்டதை உங்களிடம் சொல்லாமல் ஒளிக்கவும் பழகிவிடுவாள். என்ன பார்க்கிறாள் என்பதைத் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தெரிந்ததை அவளுடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் மாத்திரையைப் பற்றிச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, எழுதினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.