இத்தாலியில் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணி ஆடும் ஆட்டத்தையே ஏன் நிறுத்துகிறார்கள்?

கேள்வி கேட்டவர் 2025 ஜூனில் சலெர்னோவில் நடந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார். ரசிகர்களே நாற்காலியைப் பிடுங்கி மைதானத்தில் வீசினால் அவர்கள் அணிக்குத்தானே நஷ்டம், இது என்ன புத்தி என்று. பல வருடமாக ராக்கண் விழித்து இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஏ பார்க்கிறவன் நான். எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டதும் அதைவிடப் பழைய ஓர் ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

2012 ஏப்ரல் 22. ஜெனோவா கிளப் தன் சொந்த மைதானத்தில் சியெனா கிளப்பிடம் 0-4 என்று அடி வாங்கிக்கொண்டிருந்தது. 53-ஆவது நிமிடம். வெடிகளும் புகை வாணங்களும் உள்ளே விழுந்தன. அல்ட்ராஸ், அதாவது குழுவாகத் திரளும் தீவிர ரசிகர்களின் கும்பல் ஒன்று, வீரர்கள் உள்ளே போகும் வழிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. கோரிக்கை ஒன்றே ஒன்று: இந்தச் சட்டையைப் போட உங்களுக்கு யோக்கியதை இல்லை, கழற்றிக் கொடுங்கள். கொடுத்தார்கள்! ஒருவர் அழுதுகொண்டே கழற்றினார். கேப்டன் மார்கோ ரோஸ்ஸி எல்லார் சட்டையையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, சலவைக்குப் போகிறவர் போல நின்றார். ஸ்குல்லி ஒருவர்தான் முடியாது என்றார். அவரே போய் அந்தக் கும்பலின் ஆளிடம் கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசினார். முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டம் தொடர்ந்து 1-4 என்று முடிந்தது. பயிற்சியாளர் வேலையும் போனது.

அன்றைக்கு நாலு கோல் போட்ட சியெனாவின் கதை என்ன தெரியுமா? இரண்டே வருடத்தில் கடனில் மூழ்கி, நாலாம் நிலையான சீரி டி-யில் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இத்தாலியில் கிளப் என்பது பெரும்பாலும் ஒரு பணக்காரரின் சட்டைப்பை. மைதானம்கூடப் பல ஊர்களில் நகராட்சியுடையது. அவர் கை விட்டால் எல்லாம் போச்சு. 2002-இல் பியோரென்டினா திவாலாகிப் பெயரைக்கூட இழந்தது, 'ப்ளோரென்சியா வியோலா' என்று நாலாம் டிவிஷனில் ஆடியது. 2004-இல் நாப்போலி. 2015-இல் பார்மா ஒரு யூரோவுக்குக் கைமாறியது. அந்தப் பிப்ரவரியில் மைதானக் காவலர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒரு ஆட்டமே தள்ளிப்போனது. முதலாளி போவார், வீரர் போவார், பெயரும் போகும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவில், அவர்கள் 'குர்வா' என்பார்கள், நிற்கிறவன் மட்டும் அதே ஆள். கொடி பிடித்தவன் நான், வீட்டுக்காரன் நான், நீங்களெல்லாம் வாடகைக்கு வந்தவர்கள் என்று அவன் நினைக்கிறான். சட்டையைக் கழற்று என்றது அந்த வீட்டுக்காரத் தோரணைதான்.

சலெர்னோவுக்கு வருவோம். 2025 மே மாதம் சாம்ப்டோரியா, 1991-இல் இத்தாலியச் சாம்பியனான அதே கிளப், முதல்முறையாக இரண்டாம் நிலையான சீரி பி-யிலிருந்து மூன்றாம் நிலையான சீரி சி-க்கு இறங்கியது. ஊரே துக்கம் கொண்டாடி முடித்தது. அப்புறம் பிரெஷா கிளப்பின் வரிக் கணக்கில் குளறுபடி என்று அதன் புள்ளிகளை வெட்டினார்கள். சாம்ப்டோரியா உயிர்த்தெழுந்தது, சலெர்னோவின் கிளப்பான சலெர்னிட்டானாவுடன் பிளே-அவுட், அதாவது தோற்றவர் கீழே இறங்கும் இரண்டு ஆட்டங்கள், ஆடும் வாய்ப்பும் கிடைத்தது. 1911-இல் தொடங்கிய பிரெஷா கிளப் அந்தக் கோடையிலேயே லீக்கை விட்டு வெளியேறியது. ஆக, வேறு ஒருவர் செய்த கணக்குப் பிழையால் எதிராளியே மாறிவிட்டான் என்ற கடுப்போடுதான் சலெர்னோக்காரர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். முதல் ஆட்டத்தில் 0-2. இரண்டாவதிலும் 0-2 ஆனதும் வாணம், நாற்காலி எல்லாம் பறந்தன. நடுவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். முடிவு 3-0 என்று சாம்ப்டோரியாவுக்கே எழுதப்பட்டது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நாற்காலி புரியவில்லை.

என் அனுதாபம் இதோடு நின்றுவிடும், ஏனென்றால் குர்வாவுக்குள் பாசம் மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது. 2024 செப்டம்பரில், மிலான் நகரின் இரு பெரிய கிளப்புகளில் ஒன்றான இன்டரின் அல்ட்ராஸ் தலைவர் ஒருவர், கலாப்ரியா மாஃபியாக் குடும்பத்தைச் சேர்ந்த சக தலைவரைக் காருக்குள் குத்திக் கொன்றார். அந்த மாதக் கடைசியிலேயே இன்டர், அதே ஊரின் எதிரணியான ஏசி மிலான் இரு பக்கத்து அல்ட்ராஸிலும் சேர்த்து 19 பேர் கைது. டிக்கெட், பார்க்கிங், மைதானத்தில் விற்கும் குளிர்பானம் என்று வழக்கு நீண்டது. மைதானத்தில் ஜென்ம விரோதிகள், கல்லாவில் பங்காளிகள்!

சட்டம் இல்லாமல் இல்லை. ரகளை செய்பவரை மைதானப் பக்கமே வராமல் தடுக்கும் 'டாஸ்போ' 1989-இலிருந்து இருக்கிறது. 2007 பிப்ரவரியில் கட்டானியா–பலெர்மோ ஆட்டக் கலவரத்தில் ராசிட்டி என்ற போலீஸ் அதிகாரி இறந்தபோது நாடு முழுக்க ஆட்டங்களை நிறுத்தினார்கள், விதிகளை இறுக்கினார்கள். ஆனாலும் குர்வாவுக்குள் யார் சொல் செல்லும் என்பது மாறவில்லை.

2022 அக்டோபர் 29 இரவு இன்டர் ஆடிக்கொண்டிருந்தபோது மிலானின் சான் சிரோ மைதானத்தில் அதைப் பார்க்க முடிந்தது. இன்டர் அல்ட்ராஸின் பழைய தலைவர் ஒருவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி ஆட்டத்தின் நடுவே வந்தது. உடனே மொத்தக் குர்வாவையும் காலி செய்யச் சொன்னார்கள். சம்மதம் கேட்கவில்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, குழந்தையைக் கூட்டிவந்த அப்பாக்களும் எழுந்து போக வேண்டியிருந்தது. இரண்டாம் பாதியில் இன்டர் வீரர் கொரேயா தனியாளாகப் பந்தை ஓட்டிப்போய் மூன்றாவது கோலைப் போட்டபோது அந்தப் பக்கம் இருந்தது வெறும் இருக்கைகள்தான்.