வாசகர் கேள்வி – பதில்: பல கை கொண்ட சீனர்

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகைப் படம் வாங்கினேன். பின்னல் போட்ட சீனர் ஒருவருக்குப் பல கைகள், கைக்கொரு தொழில். ‘தி வாஸ்ப், 1882’ என்றிருக்கிறது. உழைப்பைப் போற்றும் படம்தானே? அசலா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: போற்றும் படமல்ல. ரவிவர்மா அச்சுப்படங்களைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்குப் பல கை என்றால் தெய்வம். சான் பிரான்சிஸ்கோவில் இதை வரைந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் கெல்லர் சொன்னதோ, ‘இவன் ஒருவனே எல்லார் வேலையையும் பிடுங்கிக்கொள்கிறான்’ என்று. ஓரத்தில் பாருங்கள், வேலையில்லாத வெள்ளைக்காரப் பையன்கள் நிற்பார்கள். ‘நம் பையன்களை என்ன செய்வது?’ என்பதுதான் தலைப்பே. படம் வந்தது மார்ச் 3. சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்த சட்டத்தில் அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்டது அதே ஆண்டு மே 6. 1943 வரை அந்தத் தடை நீடித்தது.

பின்னலையும் கவனியுங்கள். கேலிப்படக்காரர்கள் அதை வால் போல நெளியவிட்டார்கள். உண்மையில் அது அன்று சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு ஆண்களுக்கு விதித்த கட்டாயம். அறுத்துவிட்டு ஊர் திரும்பினால் கலகக்காரன் என்ற பேர். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போய் ஊர் திரும்பியவர்களின் வீட்டில் பிறந்த நமக்கு அந்தத் தவிப்பு புரியாததல்ல.

எல்லா ஓவியரும் கெல்லர் அல்ல. நியூயார்க் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’யின் 1871 பிப்ரவரி 18 இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படத்தில், தலைகுனிந்து உட்கார்ந்த சீனரைக் கொலம்பியா என்னும் அமெரிக்கத் தாய் காத்து நிற்கிறாள், பின்னால் ஆயுதக் கும்பல். படத்திலுள்ள சுவரில் ஒட்டிய சுவரொட்டிகளில் சீனர் மேல் இருக்கும் வசவெல்லாம் கும்பலின் பேச்சு. சுவரை மட்டும் வெட்டிப் பிரசுரித்தால் அது நாஸ்டின் பேச்சாகிவிடும். அந்தத் தவறு செய்யாதீர்கள்.

இனி அசலா என்பது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். ‘வாஸ்ப்’ வண்ணப்படங்கள் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டவை. நிறத்துக்கு ஒரு கல். ஒழுங்கற்ற மணல்பொடி போன்ற குருணை தெரிய வேண்டும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாகக் கூடியிருந்தால் பிற்கால ஆஃப்செட் நகல். ‘ஹார்ப்பர்ஸ்’ படங்களோ மரச்செதுக்கு. ‘பாக்ஸ்வுட்’ என்னும் கெட்டி மரத்தின் சிறு கட்டைகளைத் திருகி இணைத்து, ஆளுக்கொரு கட்டையாகச் செதுக்குவார்கள். இணைப்பு பிசகிய இடத்தில் மயிரிழை போன்ற நேர்க்கோடு வெள்ளையாக ஓடும். அச்சானது கறுப்பில் மட்டுமே. அக்காலத்து ‘ஹார்ப்பர்ஸ்’ படத்தில் வண்ணம் இருந்தால் பிறகு யாரோ பூசியது.

கடைசியாகப் படத்தின் சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். இதழிலிருந்து எடுத்த தாள் என்றால் பெரும்பாலும் அங்கே அச்செழுத்து இருக்கும்.