அம்மா ஆங்கிலம் கற்க நூலகத்துக்குப் போகலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு கிரீன் கார்டு பெற்று, இரண்டு ஆண்டுகளாக எங்களோடு வசிக்கிறார். ஊரில் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். வார இதழ்களை ஒரு வரி விடாமல் வாசிப்பார். இங்கேயோ மருத்துவரிடம் போவதானாலும் நான் உடன் வர வேண்டும். தொலைபேசி மணி அடித்தால் எடுக்கவே அஞ்சுகிறார். எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் தன்னார்வலர்கள் பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் கற்பிக்கிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். இலவசம் என்றால் தரம் இருக்குமா? தமிழே தெரியாத ஒருவரிடம் அம்மா எப்படிக் கற்பார்? நானே வீட்டில் சொல்லிக்கொடுத்தால் போதாதா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது. வேலை முடிந்து களைத்து வரும் மகளிடம் ஒரே சொல்லை ஐந்தாவது முறை கேட்க எந்தத் தாயும் தயங்குவார்; பிழை திருத்தும்போது உங்கள் குரலில் சிறு சலிப்பு தெரிந்துவிட்டாலும், "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று நோட்டை மூடிவிடுவார். அதைவிட முக்கியமானது, உங்களிடம் பேச அவருக்கு ஆங்கிலம் தேவையே இல்லை என்பது. தமிழ் அறியாத ஒருவர் எதிரே அமர்ந்து, அம்மா திக்கித் திணறிச் சொன்னதைப் புரிந்துகொண்டு தலையசைக்கும் அந்தக் கணத்தில் பிறக்கும் துணிச்சலை நம்மால் வீட்டில் தர முடியாது.

இலவசம் என்பதால் தரம் குறையும் என்று எண்ண வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில், லனாவோ பகுதியில் மரனாவோ மக்களிடையே எழுத்தறிவுப் பணி செய்துவந்த ஃபிராங்க் லாபாக், 1930களின் பொருளாதார நெருக்கடியில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றித் தவித்தபோது, கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பித்தே ஆக வேண்டும் என்று அங்கிருந்த தலைவர் ஒருவர் சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டார். பின்னர் 1955இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் அவர் ஓர் அமைப்பை நிறுவினார். அதே நகரில் வாழ்ந்த ரூத் கால்வின், தம் வட்டாரத்தில் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியவில்லை என்ற செய்தியைப் படித்துக் கலங்கி, 1962இல் தன்னார்வலர்களுக்கான மற்றோர் அமைப்பைத் தொடங்கினார். நல்ல மனம் மட்டும் இருந்தால் கற்பிக்க முடியாது, தன்னார்வலருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். இரண்டு அமைப்புகளும் 2002இல் இணைந்து புரோலிட்டரசி என்ற பெயரில் இயங்குகின்றன. கால்வின் 2024இல், தம் 107ஆம் வயதில் மறைந்தார். உங்கள் நூலகத் திட்டம் எந்த அமைப்பைச் சேர்ந்ததாயினும், தன்னார்வலருக்கு என்ன பயிற்சி தருகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள்.

தமிழ் தெரியாதவர் எப்படிக் கற்பிப்பார்? பொருளைக் காட்டி, செய்து காட்டி, படம் வரைந்து, ஒரே வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்துக் கற்பிப்பார். லாபாக் முறையின் பாட அட்டைகளில் எழுத்தே படமாகியிருக்கும்: பறவையின் உருவத்தில் 'பி', கோப்பையின் உருவத்தில் 'சி'. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு முறை. கற்பவர் தம் வாழ்க்கையிலிருந்து நாலு வரி சொல்வார். பயிற்றுநர் அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவார். பிறகு அதுவே அன்றைய வாசிப்புப் பாடம். தாம் வைத்த மீன் குழம்பைப் பற்றித் தாமே சொன்ன வாக்கியத்தை வாசிப்பவருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதிவு செய்யும்போது ஒன்றைத் தவறாமல் சொல்லுங்கள்: அம்மா தமிழில் நன்றாக வாசிப்பவர். எந்த மொழியிலும் வாசித்தறியாதவருக்கும், தம் மொழியில் வாசித்துப் பழகியவருக்கும் பாடம் வேறு. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகப் பழக வேண்டியவை எழுத்து வடிவங்களும் ஒலிகளும்தான்.

ஆனால் அந்த வாசிப்புப் பழக்கமே ஓரிடத்தில் தடையாகும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய அவர் முயல்வார். அதை அன்போடு தடுத்துவிடுங்கள். வௌவாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'கெட்டது' என்பதற்கான சொல், தட்டிக்கொடுப்பதைக் குறிக்கும் சொல், எழுதும் அட்டையைக் குறிக்கும் சொல் ஆகிய நான்கையும் தமிழில் 'பேட்' என்றுதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு ஒலிகள். காதால்தான் பிரித்தறிய வேண்டும்.

மருத்துவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. "உங்களுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லையே?" என்று கேட்டால் தமிழில் "ஆமாம், இல்லை" என்போம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டால், ஒவ்வாமை இருப்பதாகவே கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். 'நோ' என்பதே அங்கே சரியான விடை. அதேபோல், தமிழில் 'போனேன்' என்றாலே 'நான்' அதற்குள் அடங்கிவிடுவதால், ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம். தமிழ் அறியாத பயிற்றுநருக்கு இந்தப் பிழைகளின் காரணம் விளங்காது. ஆகவே இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதி, முதல் நாளே அம்மாவின் கையில் கொடுத்தனுப்புங்கள்; பயிற்றுநருக்குப் பெரிதும் பயன்படும்.

கேள்வி: நூலகத்தின் இலவச ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன், காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு 57 வயது, கிரீன் கார்டு கிடைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வயதானவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் கிடையாது என்று நண்பர் சொல்கிறார். பிறகு எதற்காகக் காத்திருக்க வேண்டும்?
– வாசகர், சிகாகோ

பதில்: நண்பர் சொன்னது பாதி உண்மை. வயது மட்டும் போதாது. 50 வயதைக் கடந்தவர் 20 ஆண்டுகளாவது, 55 வயதைக் கடந்தவர் 15 ஆண்டுகளாவது கிரீன் கார்டோடு அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால்தான் ஆங்கிலத் தேர்வு விலக்கப்படும். அப்போதும் வரலாறு, அரசமைப்பு பற்றிய கேள்விகளுக்குத் தம் மொழியில் விடை சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டுகள் ஆன உங்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. வாசிப்புக்கும் எழுத்துக்கும் மும்மூன்று வாக்கியங்கள் வரை தருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைச் சரியாகச் செய்தால் போதும். அவற்றில் வரக்கூடிய சொற்களின் பட்டியலைக் குடிவரவுத் துறையே வெளியிட்டிருக்கிறது.

பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டும். கற்க வருவோர் அதிகம், கற்பிப்போர் குறைவு என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. அதுவரை, பல நூலகங்கள் நடத்தும் உரையாடல் வட்டத்தில் போய் அமருங்கள். முதல் சில வாரங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பல சமுதாயக் கல்லூரிகளில் அரசு நிதியுதவியோடு பெரியவர்களுக்கான இலவச ஆங்கில வகுப்புகளும் நடக்கின்றன, விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இங்கே மகனோடு நிரந்தரமாகக் குடியிருக்கிறேன். என் ஆங்கில உச்சரிப்பு அமெரிக்கர்களைப் போல இராது. நூலகத்தில் தன்னார்வலராக நான் ஆங்கிலம் கற்பிக்கலாமா?
– வாசகி, டாலஸ்

பதில்: தாராளமாகக் கற்பிக்கலாம். அவர்கள் தரும் பயிற்சியை மட்டும் தவறவிடாதீர்கள். ஆங்கிலத்தைப் பிற்காலத்தில் முயன்று கற்றவர் என்பதால், கற்பவருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் வகுப்பறைப் பழக்கத்தில் ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கும். முப்பது பேருக்குப் பாடம் நடத்திய நமக்கு நிறையப் பேசியே பழக்கம். ஒருவரோடு ஒருவராக அமரும் இந்த மேசையில் கற்பவர்தான் அதிகம் பேச வேண்டும். புதுக்கோட்டையில் 1991இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் நடந்தபோது தொண்டர்கள், வயல் வேலை முடித்துவரும் பெண்களின் நேரத்துக்குத் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள், அந்தப் பெண்களுக்கு அது வேண்டியிருந்ததால். உங்களிடம் வருபவருக்கும் அப்படி ஒரு தேவை இருக்கும்: பேரனின் பள்ளிக் கடிதமோ, மருந்துப் புட்டியின் சீட்டோ, ஓட்டுநர் உரிமத் தேர்வோ. முதல் நாள் பாடநூலைத் திறப்பதற்கு முன்பு அது என்னவென்று கேளுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தக் கடிதத்தையோ புட்டியையோ கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.