பந்து பட்டு, கத்தி அறுத்து...

கேள்வி: பழங்கால ஒலிம்பிக்கில் ஓட்டம், மல்யுத்தம், தேரோட்டம் எல்லாம் இருந்தன. பந்தாட்டம் மட்டும் இல்லையே? கிரேக்கர்களும் ரோமானியர்களும் பந்தே ஆடவில்லையா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: ஆசை தீர ஆடினார்கள். பரிசு இல்லாத ஆட்டம் என்பதால் வெற்றியாளர் பட்டியல்களில் அது அகப்படாது, அவ்வளவுதான். ஹோமரின் ஒடிசி காவியத்தைப் பாருங்கள். துவைத்த துணி காய்கிற நேரத்தில் இளவரசி நௌசிக்கா தோழிகளோடு பந்து ஆடுகிறாள். குறி தவறிய பந்து தண்ணீரில் விழ, பெண்கள் போட்ட கூச்சலில்தான் காவிய நாயகன் ஒடிசியஸ் தூக்கம் கலைந்து எழுகிறான்.

கிரேக்கர்களின் 'எபிஸ்கிரோஸ்' இரண்டு அணி ஆட்டம். நடுவே கல் சில்லுகளால் ஒரு கோடு, இரு அணிக்கும் பின்னால் ஒவ்வொரு கோடு. எதிரணியைப் பின்கோட்டைத் தாண்டித் தள்ளினால் வெற்றி. இதைக் கால்பந்தின் தாத்தா என்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. இதை விவரித்த பழங்கால கிரேக்க அறிஞர் பொலக்ஸ், பந்தை எறிந்ததாகச் சொல்கிறாரே தவிர உதைத்ததாகச் சொல்லவில்லை.

ரோமானியர்களிடம் மூன்று பேர் முக்கோணமாக நின்று ஆடும் 'டிரைகான்' இருந்தது. காற்றடைத்த பெரிய பந்து 'ஃபோலிஸ்'. ரப்பரை அறியாத காலம். இறகு திணித்த தோல் பந்தும் உண்டு.

2ஆம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் சிறு பந்துப் பயிற்சி பற்றித் தனி நூலே எழுதினார். வேட்டைக்கு வலை, ஆயுதம், குதிரை, நாய் எல்லாம் வேண்டும். பந்தாட்டத்துக்கு ஒரு சின்னப் பந்து போதும், பரம ஏழையும் ஆடலாம் என்கிறார். நோயாளியின் பையில் காசு இருக்கிறதா என்று யோசித்த அந்த மனசுக்காகவே கேலனை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், என்னால் மறக்கவே முடியாத ஒன்று. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், உல்பியன் என்ற சட்ட அறிஞர் ஒரு வழக்கை அலசுகிறார். சிலர் பந்து ஆடுகிறார்கள். வேகமாக வந்த பந்து ஒரு நாவிதரின் கையில் படுகிறது. கத்தி நழுவி, அவர் சவரம் செய்துகொண்டிருந்த அடிமையின் கழுத்து அறுபடுகிறது. குற்றம் யாருடையது? வழக்கமாகப் பந்து ஆடுகிற இடத்தில் கடை போட்டிருந்தால் நாவிதர் மேலும் தவறு உண்டு என்கிறார் உல்பியன். அப்படிப்பட்ட இடத்தில் போய்க் கழுத்தை நீட்டியவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தையும் சரி என்கிறார். தெருவில் பந்து பறப்பது அவ்வளவு சகஜம்! ஆனால் அந்தச் சட்டப்படி நஷ்டஈடு கிடைத்தாலும், அது போய்ச் சேருவது அடிமையின் எஜமானனுக்கு. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.