18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, எல்லாரும் லார்ட் ஃபாக்ஸ்னு சொல்றாங்களே, அவரு லார்டா?

இல்லப்பா. அப்பா ஹென்றி ஃபாக்ஸ்தான் லார்ட் ஹாலண்ட். அம்மா ரிச்மண்ட் டியூக்கோட பொண்ணு, ரெண்டாம் சார்லஸ் ராஜா வம்சம். ஆனா பட்டம் மூத்தவருக்குப் போயிடுச்சு, இவரு இளையவரு. லார்டா இருந்தா பிரபுக்கள் சபைக்குப் போயிடணும்; இல்லாததாலதான் சாகுறவரைக்கும் காமன்ஸ் சபையில (ஓட்டு வாங்கி வர்ற எம்.பி.க்களோட சபை) உக்காந்து சண்ட போட முடிஞ்சுது. 1768ல எம்.பி. ஆனப்ப வயசு 19, சட்டப்படி 21 ஆகணும், யாரும் கண்டுக்கல.

கேள்வி: சூதாட்டம் ஆடியே சொத்த அழிச்சாராமே சார், நிஜமா?

நிஜம்தான், ஆனா பாதிப் பழி அப்பாவுக்குப் போகணும். செல்லம்னா அப்படியொரு செல்லம். வீட்டு மதில வெடி வச்சு இடிக்கிறப்ப காட்டுறேன்னு பையன்கிட்ட வாக்கு குடுத்திருந்தாராம், மறந்து இடிச்சுட்டாங்க, உடனே மறுபடி கட்டச் சொல்லி இவன் கண்ணு முன்னாடி இன்னொரு தரம் இடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. லண்டன் கிளப்புல ஆடுறவங்க அதிர்ஷ்டத்துக்காகக் கோட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்குவாங்க, கண்ணு கூசாம இருக்க அகல விளிம்பு வைக்கோல் தொப்பி வேற. 1772 பிப்ரவரியில ஒரு ராத்திரி ஆரம்பிச்சு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஆடி 11,000 பவுண்டு விட்டுட்டு, அதுக்கு அடுத்த நாளே பார்லிமெண்ட்ல பேசப் போனாரு. 1774 வாக்குல அப்பா அடச்ச கடன் மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல.

கேள்வி: ராஜாவுக்கு இவர் மேல ஏன் அவ்ளோ காண்டு?

மூணாம் ஜார்ஜ் அமெரிக்காவோட போர் நடத்துறாரு, இவரு வாஷிங்டன் படையோட நீலமும் மஞ்சளும் போட்டுக்கிட்டு சபைக்கு வர்றாரு, போதாததுக்கு பட்டத்து இளவரசரோட சேர்ந்து ஊதாரித்தனம், பின்ன எப்படி இருக்கும்? 1783ல மந்திரியா இருந்தப்ப கிழக்கிந்தியக் கம்பெனிய 7 கமிஷனர் கையில குடுக்கிற மசோதாவ கொண்டுவந்தாரு. காமன்ஸ்ல 208க்கு 102ன்னு ஜெயிச்சிருச்சு. பிரபுக்கள் சபைக்கு வந்ததும், இதுக்கு ஓட்டுப் போடுறவன் எனக்கு எதிரின்னு ராஜா லார்ட் டெம்பிள்ங்கிற பிரபு மூலமா சொல்லியனுப்பி தோக்கடிச்சு, ஆட்சியவே கலைச்சுட்டு 24 வயசு வில்லியம் பிட்ட பிரதமராக்கினாரு. என்னைக் கேட்டா ராஜா பண்ணது அராஜகம். ஆனா அந்த 7 பேருமே ஃபாக்ஸ் கூட்டணியோட ஆளுங்கதான், அதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: ஓட்டுக்கு முத்தம் மேட்டர் சொல்லுங்க ப்ரோ 😄

எதிர்பார்த்தேன். 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தல், 40 நாள் வாக்குப்பதிவு. அப்போ ரகசிய ஓட்டு கிடையாது, அது 1872லதான் வந்துச்சு, அதனால தினமும் யாரு முன்னணின்னு ஊருக்கே தெரியும். டெவன்ஷயர் டச்சஸ் ஜார்ஜியானா தெருத்தெருவா ஓட்டு கேட்டாங்க, கசாப்புக்கடைக்காரருக்கு முத்தம் குடுத்தாங்கன்னு எதிரணி கிளப்பிவிட்டு கார்ட்டூனா போட்டுத் தள்ளினாங்க. அவங்களுக்கே ஓட்டுரிமை இல்லைங்கிறதுதான் கூத்து. ஃபாக்ஸ் 6,234 வாங்கி ரெண்டாவதா வந்தாரு, ரெண்டு சீட் தொகுதி, அதனால ஜெயிச்சாரு. தேர்தல் அதிகாரி முடிவ அறிவிக்காம மறுஆய்வுன்னு பல மாசம் இழுத்தாரு. ஃபாக்ஸ் பின்னாடி அவர் மேலயே கேஸ் போட்டு 2,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கிட்டாரு.

கேள்வி: உருப்படியா என்னதான் சாதிச்சாரு?

மூணு தடவ வெளியுறவு மந்திரி, எல்லாம் சேர்த்தா ஒன்றரை வருஷம் தேறும், மத்ததுல பெரும்பகுதி எதிர்க்கட்சி பெஞ்சுதான். ஆனா 1806 ஜூன் 10ல அடிமை வியாபாரத்த ஒழிக்கணும்னு இவர் கொண்டுவந்த தீர்மானம் 114க்கு 15ல நிறைவேறுச்சு. செப்டம்பர்ல இறந்துட்டாரு, சட்டம் 1807லதான் வந்துச்சு.

கேள்வி: நம்ம பக்கம் ஏதாவது தொடர்பு இருக்கா அய்யா?

இருக்குங்க. ஆற்காடு நவாப் முகமது அலி, பால் பென்ஃபீல்ட் மாதிரி கம்பெனி ஆளுங்ககிட்ட கண்டமேனிக்கு வட்டிக்கு வாங்கியிருந்தாரு. அதுல எது நிஜக்கடன், எது கள்ளக்கணக்குன்னு பாக்காமலே கர்நாடகத்து (இப்ப இருக்கிற கர்நாடகா இல்ல, நவாப்போட ஆற்காடு சீமை) வருமானத்துல இருந்து கட்டச் சொல்லிருச்சு பிட் அரசு. அந்தக் காகிதங்கள சபையில வைங்கன்னு 1785 பிப்ரவரி 28ல தீர்மானம் கொண்டுவந்தது ஃபாக்ஸ்தான். ஃபாக்ஸோட கட்சிக்காரர் எட்மண்ட் பர்க் எழுந்து மணிக்கணக்கா கிழிகிழின்னு கிழிச்சாரு, பிட் பக்கம் ஒருத்தரும் வாயத் திறந்து பதில் சொல்லல, ஓட்டு போட்டே தோக்கடிச்சுட்டாங்க.