பூஜ்ஜியம் டெசிபெல் என்றால் நிசப்தமா? காது பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

காது பரிசோதனை முடிவைக் காட்டும் ஆடியோகிராமில் வலது காதுக்கு மைனஸ் 5 டெசிபெல் என்று வந்திருக்கிறது. இல்லாத சத்தமா எனக்குக் கேட்டது?

இல்லை, உங்களுக்கு அருமையான காது. குறையில்லாத காது உள்ள இளவயதினர் பலரைச் சோதித்து, அவர்களுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியின் நடு அளவைப் பூஜ்ஜியம் என்று வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து உயரம் அளப்பது மாதிரிதான். குட்டநாட்டில் அதற்குக் கீழேயும் வயல் இருக்கிறதே! கூர்மையான காதுக்கு மைனஸ் 10கூட வரும்.

அந்த மெல்லிய ஒலி உண்மையில் எவ்வளவு?

1000 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதியைச் சொல்லும் அளவு) பக்கத்தில் சுமார் 20 மைக்ரோபாஸ்கல் அழுத்தம். நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் இது 500 கோடியில் ஒரு பங்கு. அப்போது செவிப்பறை அசையும் தூரம் ஓர் அணுவின் குறுக்களவைவிடக் குறைவு. தினமும் காது சோதிக்கிற எனக்கு இன்றும் இதைச் சொல்லும்போது மெய்சிலிர்க்கிறது.

எல்லாச் சுருதிக்கும் காது இப்படி இருக்காது. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மை. இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுத்துளை, குழல் போல, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கூட்டிக்கொடுக்கிறது. கீழே 100 ஹெர்ட்ஸுக்குப் போனால், ஒலி காதில் விழவே 10 மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும்.

பரிசோதனையில் ஹெட்போனில் பீப் கேட்டதா, பிரமையா என்று தெரியாமல் சில தடவை பட்டனை அழுத்திவிட்டேன். ரிசல்ட் தப்பாகிவிடுமா?

கவலை வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் அழுத்துங்கள் என்றுதான் நாங்களே சொல்வோம். கேட்டதும் 10 டெசிபெல் குறைப்போம், கேட்காவிட்டால் 5 கூட்டுவோம். இப்படி ஏறி இறங்கி, ஒரே அளவில் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் குறித்துக்கொள்வோம். பீப் எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபடி இடைவெளியையும் மாற்றிக்கொண்டே இருப்போம்.

பலர் பரிசோதனை அறைக்குள் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அப்போது பட்டுப்புடவை சரசரத்தாலோ வளையல் உரசினாலோ பீப் அதில் அமுங்கிவிடும். அடுத்த முறை அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜிமிக்கியையும் கழற்ற வேண்டியிருக்கும். ஹெட்போன் சரியாகப் படியாது.

செல்போன் ஆப்பில் பார்த்தால் போதாதா?

போதாது. ஃபேன் ஓடும் அறையில் மெல்லிய ஒலி மூழ்கிவிடும். உங்கள் இயர்போன் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதும் ஆப்புக்குத் துல்லியமாகத் தெரியாது.

பேத்தி பிறந்து 20 நாள். பட்டன் அழுத்தத் தெரியாத குழந்தைக்கு எப்படிச் சோதிப்பீர்கள்?

அவளுடைய காதே பதில் சொல்லும். ஆரோக்கியமான உட்காது, ஒலியைக் கேட்டதும் தானும் ஒரு மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. 1978இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் கெம்ப். காதில் சிறு அடைப்பானை வைத்து, அதிலுள்ள மைக்கில் அந்த எதிரொலியைப் பிடிப்போம். இதுதான் ஓஏஇ டெஸ்ட். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. முதல் தடவை பதில் வராவிட்டால் பயந்துவிடாதீர்கள். பிறந்தபோது காதில் தங்கிய திரவம்கூட தடுத்திருக்கலாம், மறுபடி பார்ப்போம். அப்போதும் வராவிட்டால், மூளை வரை ஒலி போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனையை முடித்துவிடுவது நல்லது. அழுதாலோ அசைந்தாலோ எடுக்க முடியாது; அதனால் பால் குடித்துவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள்.