வளவு ஒன்றாக இருக்கட்டும், கூடு வேண்டாம்

கேள்வி: அக்கா, கல்முனையில் வாடகை வீட்டில் இருந்த நாங்கள் ஆவணி மாதம்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமாவின் அரை ஏக்கர் வளவுக்குக் குடிவந்தோம். ஊர்க்கோழி பத்து, தாரா ஆறு, வான்கோழி ஒரு சோடி எல்லாவற்றையும் வாங்கி, ஒரே பெரிய கூடாக அடித்து அதற்குள் விடலாம் என்கிறார் இவர். தீனி மூட்டைகளையும் அதன் ஒரு மூலையில் அடுக்கப் போகிறாராம். ஏழு வயது மகள் தாராக்குஞ்சு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கூடு அடிக்க முன்னம் உங்களிடம் கேட்கிறேன்.
வாசகி, படுவான்கரை

பதில்: தங்கச்சி, கூடு அடிக்க முன்னமே கேட்டது பெரிய சந்தோஷம். கோழி பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குஞ்சுகள் செத்த பிறகு எழுதப்பட்டவை.

கோழியும் தாராவும் பகலில் ஒரே வளவில் மேயட்டும். இரவில் வேறு வேறாக அடையுங்கள். வான்கோழி வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

தாரா தண்ணீரோடு பிறந்த சீவன். சொண்டையும் மூக்குத் துவாரத்தையும் முக்கிக் கழுவும் ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் அதன் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளும். முக்கிய வாயை உதறி, சட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சேறாக்கிவிடும். அதே கூட்டில் கோழியும் இருந்தால், கீழே பரப்பிய உமி நனைந்து புளித்து, விடியக் கதவைத் திறக்கும்போதே மூக்கைக் குத்தும். அந்த ஈரத்தில்தான் குஞ்சுகளின் இரத்தக் கழிச்சல் வளர்கிறது. கூட்டுக்குள் போகும் நேரமெல்லாம் ஒரு பிடி உமியை அள்ளிப் பொத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அன்றே அள்ளிக் கொட்டி மாற்றுங்கள். உமிக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை, ஆலையில் கேட்டால் கிடைக்கும்.

தாராவுக்குத் தரையோடு ஒரு தாழ்வான கொட்டில் போதும், அது கொப்பில் ஏறித் தூங்காது. தண்ணீர்ச் சட்டி வெளியே, சரிவான இடத்தில், மணல் பரப்பின் மேல் இருக்கட்டும். தாரா பெரும்பாலும் விடியப்புறம் முட்டையிடும். அதனால் எட்டு, எட்டரைக்குப் பிறகு திறந்துவிடுங்கள். முந்தித் திறந்தால் முட்டை வாய்க்காலில் கிடக்கும். ஆறில் ஆண் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஆண் கூடினால் கோழிப் பேடுகளையும் மிதித்துக் காயப்படுத்திவிடும்.

கோழிக்கூட்டைக் கால் நட்டு இரண்டு மூன்று அடி உயர்த்துங்கள். மாரி வெள்ளம் வளவுக்குள் வந்தால் தரைக்கூட்டில் ஒன்றும் மிஞ்சாது. வலை வாங்கும்போது கடையில் கோழிவலை என்று கொடுக்கும் மெல்லிய வலையை நம்ப வேண்டாம். அது கோழியை உள்ளே நிறுத்தும், மரநாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை கொஞ்சம் விலைதான். காசு போதாவிட்டால் கூட்டைச் சிறிதாக்குங்கள், வலையை மலிவாக்காதீர்கள். தாராக் கொட்டிலுக்கு அதே வலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், கீரி தோண்டும். தீனி மூட்டையைக் கூட்டுக்குள் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். நெல்லென்றால் படுவான்கரையில் யானையும் தேடி வரும், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி வான்கோழி. கோழியின் குடலில் ஒரு சிறு புழு உண்டு, கோழிக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் அந்தப் புழுவின் முட்டைக்குள் இருந்துகொண்டு வேறொரு கிருமி மண்ணுக்கு வருகிறது. அந்த மண்ணைக் கொத்தித் தின்னும் வான்கோழிக்கு ஈரல் அழுகி, கழிச்சல் மஞ்சளாகப் போய், கண்முன்னே சாகும். புழு முட்டை வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கோழி மேய்ந்த வளவில் வான்கோழி வளர்ப்பது ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடு வளர்ப்பதுதான்.

வான்கோழி இல்லாவிட்டாலும் தாரா இருக்கிறபடியால் இதையும் கேளுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்தன. தாராக்குஞ்சுகளும் தப்பவில்லை. தேடிப் பார்த்தபோது காரணம் தீனியில் கலந்த, பூஞ்சணம் பிடித்த கச்சான் புண்ணாக்கு. அந்தப் பூஞ்சண நஞ்சைத்தான் அஃப்ளடொக்சின் என்கிறார்கள். சமைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் அது போகாது. கோழி ஓரளவு தாங்கும், தாராக்குஞ்சு தாங்காது. மாரியில் நம் வீட்டுச் சோளத்திலும் புண்ணாக்கிலும் பச்சையாகப் படர்வது இதுவாகவும் இருக்கலாம். பூஞ்சணம் கண்டால் கோழிக்காவது போடுவோம் என்று நினைக்காமல் புதைத்துவிடுங்கள். இரண்டு கிழமைக்குப் போதுமான தீனியை மட்டும் வாங்கி, மூடியுள்ள வாளியில் வைத்தால் இந்தத் தலையிடி பாதி குறையும். இன்னொன்று, முட்டைக்கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் பேடுகளுக்கு வாவிக்கரை மட்டி ஓட்டை இடித்துத் தனிச் சிரட்டையில் வைத்தால் வேண்டியதை அவையே கொத்தும்.

வாங்கும் விஷயத்தில் என் தவறைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னம் சந்தையில் இரண்டு பேடு வாங்கி, அன்று பின்னேரமே மற்றவற்றோடு விட்டேன். ஆறாம் நாள் ஒன்று கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி நடந்தது. கழிச்சல் பச்சையாகப் போனது. இரண்டு கிழமையில் பதினேழில் மிஞ்சியது மூன்று. ராணிக்கெட் நோய், வந்த பிறகு மருந்தில்லை. புதிதாக வரும் எதையும் மூன்று கிழமையாவது வளவின் மறு மூலையில் தனியே வைத்துப் பாருங்கள். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து ஏராளமான கோழிகளுக்குப் போதும், கரைத்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்கென்று தனியாகப் போகாமல் அயல் வீட்டாரையும் சேர்த்து ஒரு நாள் குறியுங்கள். புது ஊரில் பழக்கம் பிடிக்கவும் அது நல்ல வழி. நுளம்பு காவும் கோழி அம்மைக்கும் அப்போதே கேட்டு வையுங்கள்.

ஆகவே இந்த மாரிக்குக் கூட்டை மட்டும் முடியுங்கள். ஒழுகுகிறதா என்று மழையே காட்டிவிடும். தையில் எட்டுப் பேடும் ஒரு சேவலும் எடுங்கள். தாராவை உடனே விலைக்கு வாங்க வேண்டாம். ஒரு பேடு அடைக்கு உட்காரும் நேரம் பார்த்து, நம்பிக்கையான வீட்டில் எட்டுத் தாரா முட்டை வாங்கி வையுங்கள். கோழி முட்டை 21 நாள், தாரா முட்டை 28 நாள். அந்தக் கூடுதல் ஏழு நாளுக்கும் பேடு எழும்பாமல் இருக்க, தீனியும் தண்ணீரும் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துக் கொடுங்கள். கலண்டரில் நாளை வட்டமிடும் வேலை மகளுக்கு. ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் வாயில் ஒரு முட்டையை வைத்து அவளுக்குக் காட்டுங்கள். உள்ளே சிலந்தி போல நரம்பு ஓடி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடிக்கும்.